பேய்க்கு வரி இல்லை

அத்தியாயம் 4

அலமாரிக் கைப்பிடியைத் தொடக் கண்டக்டருக்குச் சுத்தமாக மனசில்லை. கையை நீட்டுவதும் இழுப்பதுமாக நின்றார்.

"மேடம், ஒரு சந்தேகம். பேய் இருக்கற அறையில முதல்ல நுழையறவங்களைத்தான் அது பிடிக்குமா, இல்ல கடைசியா நிக்கறவங்களையா?"

"வாய் ஓயாம பேசறவங்களைப் பிடிக்கும்னு கேள்வி," என்றார் முத்திரை மேடம். "திறங்க."

கண்டக்டர் என்பது அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயரில்லை. இருபத்திரண்டு வருஷம் பஸ்ஸில் விசில் ஊதி, டிக்கெட் கிழித்து, முழங்கால் தேய்ந்து வீட்டோடு வந்து உட்கார்ந்தவரை ஊரே அப்படித்தான் கூப்பிட்டது. முழங்கால்தான் ஓய்வு பெற்றது. வாய்க்கு இன்னும் உத்தரவு வரவில்லை. முத்திரை மேடமோ விமான நிலையத்தில் சுங்க மேஜைக்குப் பின்னால் இருபத்தாறு வருஷம் முத்திரை குத்தியவர். பெட்டியைத் திறக்காமலே உள்ளே இருப்பது கல்யாணத் துணியா, களவாண்ட சரக்கா என்று சொல்லிவிடுவார். ஓய்வு பெற்ற மறுமாதமே வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல், சலவைக்கடை மாடியில் ஒரு அறை எடுத்து, அடுத்த வீட்டு மர்மங்களைத் துருவ ஆரம்பித்துவிட்டார். துருவுவது அவர் வேலை. துணைக்கு வருவதும் இடையில் பேசுவதும் கண்டக்டர் வேலை.

காலை பத்தரை மணி. வெளியே தூறல். அறை வாசலில் அவர்களை அழைத்து வந்த பெண் நின்றிருந்தாள். இதே வீட்டு முன்னறையில் தையல் மெஷின் போட்டுப் பிழைப்பவள். நேற்றோடு இருபத்திரண்டு வயசு. இரவு முழுக்கத் தூங்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

"நேத்து சாயங்காலம் நானும் அப்பாவும் வெளியில போயிட்டு வந்தோம்," என்றாள். "கதவைத் திறந்ததும் அந்த வாசனை. எலுமிச்சை. அம்மா கையில பூசிக்கற க்ரீம் வாசனை."

"அம்மா எங்கே?"

"எனக்கு ஒன்பது வயசுல செத்துட்டாங்க. வெளியூர் போன இடத்துல காய்ச்சல். அங்கேயே அடக்கம் பண்ணிட்டதா அப்பா சொன்னார். நான் முகத்தைக்கூடப் பார்க்கல."

"இந்த வாசனை நேத்துதான் முதல் தடவையா?"

"இல்ல மேடம். ஒவ்வொரு வருஷமும் என் பிறந்தநாளன்னிக்கு. வாசனை மட்டும் இல்ல. அறுந்த பொத்தானைத் தைச்சு வெச்சிருக்கும். சீப்பைச் சுத்தம் பண்ணி வெச்சிருக்கும். தலையணை உறையில சுருக்கம் இருக்காது. போன வருஷம் ஒரு சட்டை காணாமப் போச்சு. நீலக் கட்டம் போட்டது. நான் முதன்முதலாத் தைச்ச சட்டை."

கண்டக்டர் அலமாரியை விட்டு ஒரு அடி தள்ளி நின்றார். "ரத்தம் குடிக்கற பேயைக் கேள்விப்பட்டிருக்கேன். பொத்தான் தைக்கற பேய் எனக்குப் புதுசு," என்று சொல்லிப் பார்த்தார். யாரும் சிரிக்கவில்லை. அவருக்கே சிரிப்பு வரவில்லை.

"அப்பாகிட்ட சொன்னா எனக்கு மனசு சரியில்லங்கறார். திங்கட்கிழமை மனநல டாக்டர்கிட்ட நேரம் வாங்கியிருக்கார்." அவள் அழவில்லை. அழுதிருந்தால் கண்டக்டருக்குச் சுலபமாக இருந்திருக்கும். "மேடம், எனக்கு ரெண்டுல ஒண்ணு தெரிஞ்சாகணும். செத்த அம்மா வர்றாங்களா? இல்ல, எனக்குத்தான் கழண்டு போச்சா?"

கண்டக்டர் கண்ணை மூடிக்கொண்டு அலமாரியைத் திறந்தார்.

எலுமிச்சை வாசனை குப்பென்று வந்தது. உள்ளே பெண்கள் போடும் கம்பளிக் கோட் ஒன்று தொங்கியது. கரும்பச்சை. கழுத்தில் விலை அட்டைகூடப் பிரிக்கவில்லை.

"இது நேத்துதான் வந்தது," என்றாள் அவள். "அப்பா வாங்கலையாம், சத்தியம் பண்றார். போட்டுப் பார்த்தேன். என்னை நிக்க வெச்சு அளவெடுத்த மாதிரி கச்சிதமா இருக்கு."

"வாசனை எனக்கும் வருது," என்றார் மேடம். "கண்டக்டர், உங்களுக்கு?"

"தாராளமா வருது மேடம்."

"அப்ப கழண்டது உனக்கு மட்டும் இல்லம்மா. டாக்டர்கிட்ட மூணு பேருக்கு நேரம் வாங்கச் சொல்லு."

அந்தப் பெண்ணின் தோள்கள் ஒரு அங்குலம் இறங்கின. மேடம் திரும்பி விறுவிறுவென்று தெருக்கதவுக்குப் போனார். குனிந்து பூட்டை நகத்தால் தடவினார். ஒரு கீறல் இல்லை.

"அப்பாவுக்கு என்ன தொழில்?"

"பூட்டுக்காரர். கடைத்தெருவுல சாவி வெட்டற கடை வெச்சிருக்கார். இந்தப் பூட்டும் அவர் செஞ்சதுதான். ஊர்ல எவனும் திறக்க முடியாதுன்னு பீத்திக்குவார். சாவி ரெண்டே ரெண்டு. அவர்கிட்ட ஒண்ணு, என்கிட்ட ஒண்ணு."

"பிறந்தநாளன்னிக்கு வெளியில போறது யாரோட ஏற்பாடு?"

"அப்பாதான். சின்ன வயசுல மிருகக்காட்சி சாலை. அப்புறம் சினிமா. இப்ப ஹோட்டல். ரெண்டு மணியிலேருந்து அஞ்சு மணி வரைக்கும் வெளியில இருந்தே ஆகணும். ஒரு வருஷம் எனக்கு உடம்பு அனலாக் கொதிச்சது. அப்பவும் போர்வையைச் சுத்திக் கூட்டிட்டுப் போனார்."

"ம்," என்றார் மேடம்.

அந்த 'ம்' கண்டக்டருக்குப் பழக்கமான சத்தம். பூட்டின பெட்டி ஒன்று திறக்கப்போகிறது என்று அர்த்தம்.

மேடம் மறுபடி அறைக்கு வந்து கோட்டை எடுத்து, சுங்கத்தில் தடவிப் பழகிய விரல்களால் உள்துணியை ஓரம் ஓரமாக அழுத்தினார். இடதுபக்கம் ஏதோ சரசரத்தது. உள்பாக்கெட்டில் நாலாக மடித்த தாள். பிரித்ததும் தலையில் கொட்டை எழுத்தில் 'டாக்ஸ் ஃப்ரீ' என்று இருந்தது.

கண்டக்டருக்குச் சப்பென்று போயிற்று. "பூ, இவ்வளவுதானா? வரி இல்லாம மலிவா விக்கறோம்னு கடைக்காரன் அடிச்ச நோட்டீஸ்."

"நீங்க எப்பெல்லாம் இந்த வார்த்தையைக் கேட்டிருக்கீங்க?"

கண்டக்டர் யோசித்தார். "எனக்கு ஓய்வுப் பணம் வந்தப்ப ஆபீஸ்ல டாக்ஸ் ஃப்ரீன்னாங்க. என் மச்சான் ஊரிலிருந்து வர்றப்ப விமான நிலையக் கடையில பாட்டில் வாங்கிட்டு வந்து அதையே சொல்வான். தெருமுனை செருப்புக் கடையிலயும் எழுதித் தொங்கவிட்டிருக்கான். எப்படியும் கொஞ்சம் மிச்சம்னு அர்த்தம்."

"மிச்சங்கறது அப்புறம். வரி இல்லன்னு யாரும் சும்மா சொல்ல மாட்டாங்க. பின்னாடி ஒரு நிபந்தனை இருக்கும். உங்க ஓய்வுப் பணத்துக்கு நீங்க இருபத்திரண்டு வருஷம் விசில் ஊதியிருக்கணும். மச்சான் பாட்டிலுக்கு அவர் விமானம் ஏறியாகணும். செருப்புக்கடைக்காரன் சொல்றது பொய், வரியைத் தன் விலைக்குள்ள ஒளிச்சு வெச்சிருக்கான்." மேடம் தாளைத் தட்டினார். "இதுக்கு ரெண்டு நிபந்தனை. ஊருக்குள்ள கடையில வரியோட வாங்கணும். அப்புறம் நாட்டை விட்டுப் போறப்ப, பொருளையும் இந்தத் தாளையும் சுங்க மேஜையில காட்டினா, கட்டின வரியைத் திருப்பித் தருவாங்க. பொருள் இந்த நாட்டுல பயன்படப் போறதில்ல, அதனால இந்த நாட்டு வரி அதுக்கு வேண்டாம். இது முதல் நிபந்தனை."

"ரெண்டாவது?"

"வாங்கறவங்க இந்த நாட்டுல குடியிருக்கறவங்களா இருக்கக் கூடாது. நானும் நீங்களும் கெஞ்சினாலும் இந்தத் தாள் கிடைக்காது. பாஸ்போர்ட்டைப் பார்த்துட்டுத்தான் கொடுப்பாங்க." விரல் ஒரு கட்டத்தில் நின்றது. நிரந்தரக் குடியிருப்பு: வெளிநாடு. எதிரே டிக் போட்டிருந்தது. பெயர் எழுதும் இடம் காலி; பயணி கையால் நிரப்ப வேண்டியது. வாங்கிய தேதி முந்தாநாள்.

 தூறல் மட்டும் ஜன்னல் தகரத்தில் கேட்டது.

"பேய்க்கு வரி இல்லைங்கறது நியாயம்தான்," என்றார் கண்டக்டர் மெதுவாக. "ஆனா பேய்க்கு எதுக்கு மேடம் பாஸ்போர்ட்?"

மேடம் இன்னும் கீழே ஒரு கட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். உருப்படி: கம்பளிக் கோட், பெண்கள். எண்ணிக்கை: இரண்டு.

அலமாரியில் ஒன்றுதான் இருந்தது.

*

கோட் கடை மூன்று தெரு தள்ளி. உள்ளே புதுத் துணி வாசனை. கடைக்காரர் தாளைப் பார்த்ததும் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"அடடா, கிடைச்சுதா! எல்லாம் என் பழக்க தோஷம். இந்தத் தாளைப் பையில போட்டா குப்பைன்னு தூக்கி எறிஞ்சிடறாங்க. கையில கொடுத்தா டாக்ஸியில விட்டுடறாங்க. அதனால மேல இருக்கற உருப்படியோட உள்பாக்கெட்ல செருகிடுவேன். செருகிட்டு வாயால சொல்வேன். அன்னிக்குக் கூட்டம், சொல்ல விட்டுப் போச்சு."

"வாங்கினவங்க யாரு?" என்றார் மேடம்.

"பேரெல்லாம் சொல்லக் கூடாதுங்க. அந்தம்மாவே அதுக்குத்தான் பயந்தாங்க. இன்னிக்குக் காலையில நான் கதவைத் திறக்கறப்பவே வந்து தாளைக் காணோம்னாங்க. கோட் பாக்கெட்ல வெச்சேன்னதும் பதறிட்டாங்க. தாள் ஒரு இடத்துல தப்பாப் போய் மாட்டிக்கிச்சு, யாராவது அதை இங்க கொண்டு வந்தா என் பேர் தெரிஞ்சிடுமான்னு கேட்டாங்க. கம்ப்யூட்டர்ல இருக்கே, தெரியும்னேன். கட்டின வரி முழுசும் இங்கேயே இருக்கட்டும், தாளை மட்டும் அழிச்சிடுங்கன்னு கெஞ்சினாங்க. வரி வேண்டாம்னு சண்டை போடறவங்களைத்தான் பார்த்திருக்கேன். வரி வேணும்னு கெஞ்சினவங்க இவங்க ஒருத்தர்தான்."

"அழிச்சிட்டீங்களா?"

"அது என் கையில இல்லையே. விமான நிலையத்துல சுங்க மேஜையில சொல்லித்தான் ரத்து பண்ணணும்னு ஒரு நகல் எடுத்துக் கொடுத்தேன். மூணு மணி விமானமாம்." அப்போதுதான் அவர் பின்னால் நின்ற பெண்ணின் கையிலிருந்த பச்சைக் கோட்டைப் பார்த்தார். "இது சின்ன அளவு. உங்களுக்கா? போட்டுட்டீங்களா?"

"ஒரு தடவை."

"அட்டையைப் பிரிக்காதீங்க. இங்க போட்டுப் பழக்கினா அது இந்த ஊர்ப் பொருள் ஆயிடும். அப்புறம் வரி திரும்ப வராது." சொல்லிக்கொண்டே அவள் தோளைக் கண்ணால் அளந்தார். தொழில் புத்தி. "அளவு சரியா வந்திருக்குமே? அந்தம்மா ஒரு சட்டை கொண்டு வந்தாங்க, இந்த அளவுக்கு வேணும்னு. எடுத்து மேஜையில விரிங்கன்னா கையை விட்டு இறக்க மாட்டேன்னுட்டாங்க. அவங்க நெஞ்சோட பிடிச்சுக்கிட்டு நிக்க, நான் டேப்பைக் கொண்டு போய் வெச்சு அளந்தேன்."

"என்ன சட்டை?" அந்தக் கேள்வியைக் கேட்டது மேடம் இல்லை.

"நீலக் கட்டம். கையால எடுத்த காஜா. முதல் காஜா கொஞ்சம் கோணல். யாரோ கத்துக்குட்டி தைச்சது."

தையல்காரி சுவரைப் பிடித்துக்கொண்டாள். கடைக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. கண்டக்டருக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததும் காலையிலிருந்து இருந்த பயம் போய் வேறு ஏதோ ஒன்று வந்து நெஞ்சில் உட்கார்ந்தது. செத்தவள் நடமாடுகிறாள் என்பதைவிட, உயிரோடு இருந்தவள் இத்தனை வருஷம் செத்தவளாகவே வந்து போயிருக்கிறாள் என்பது அவருக்குத் தாங்கவில்லை.

*

சாவிக்கடையில் இயந்திரம் கிரீச்சென்று பித்தளையைத் தின்றுகொண்டிருந்தது. மகளையும் கூட வந்த இருவரையும் பார்த்ததும் பூட்டுக்காரர் அதை நிறுத்தினார். மேடம் தாளைக் கல்லாவுக்குப் பக்கத்தில் விரித்தார். பிறகு கண்ணால் சுவரை மேய்ந்தார். ஆணி ஆணியாகச் சாவிகள். எல்லாவற்றிலும் சீட்டு கட்டியிருந்தது. ஒன்றில் மட்டும் இல்லை.

"உன் வீட்டுச் சாவியைக் கொடும்மா," என்று மகளிடம் வாங்கி, சீட்டில்லாத சாவியை எடுத்து அதன் மேல் வைத்தார். பல்லோடு பல் பொருந்தியது.

"சாவி ரெண்டே ரெண்டுன்னு சொன்னீங்களாமே. இந்த மூணாவது யாரோடது?"

பூட்டுக்காரர் ஸ்டூலில் உட்கார்ந்தார். மேடத்தைப் பார்க்கவில்லை. மகளைப் பார்த்தார்.

"உங்கம்மா சாகலம்மா."

"தெரியும். சொல்லு."

"வெளிநாட்டுல ஒரு கம்பெனியில வேலை கிடைச்சுது. ரெண்டு வருஷம்தான்னு சொன்னா. நான் விட மாட்டேன்னேன். பெரிய சண்டை. ஒருநாள் காலையில எழுந்து பார்த்தா பெட்டியைக் காணோம். நீ ஜன்னல்கிட்ட நின்னே. தினம் நின்னே. எப்பப்பா வருவாங்க, எப்பப்பா வருவாங்கன்னு. ஒருநாள் ஆத்திரத்துல செத்துட்டான்னு சொல்லிட்டேன்." கல்லா மேலிருந்த பித்தளைத் தூளை விரலால் ஒதுக்கினார். "நீ அழுது முடிக்க ஒரு வருஷம் ஆச்சு. முடிச்சு ரெண்டு மாசம்கூட இல்ல, அவ வாசல்ல வந்து நிக்கறா. நீ பள்ளிக்கூடம் போயிருந்தே."

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமே."

"என்னன்னு சொல்றது? அப்பா பொய் சொன்னேன்னா? அம்மாவை ஏற்கெனவே தொலைச்சிட்டே. மிச்சம் இருந்த என்னையும் நீ வெறுத்துட்டா? அவகிட்டதான் பேசி முடிச்சேன். வருஷத்துக்கு ஒரு தடவை, மூணு மணி நேரம். கண்ணுல படக் கூடாது. எதையும் வைக்கக் கூடாது, எடுக்கக் கூடாது. சம்மதிச்சா. அவ மேலயும் தப்பு இருக்குன்னு அவளுக்குத் தெரியும்."

"ஜெயில்லகூட ஆளைப் பார்க்க விடுவாங்க," என்றார் கண்டக்டர். தமாஷாகச் சொல்ல ஆரம்பித்தது அப்படி முடியவில்லை.

"எனக்குப் பைத்தியம்னு என்னையே நம்ப வெச்சியேப்பா," என்றாள் மகள். குரல் உயரவில்லை. "திங்கட்கிழமை மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தா போட்டுக்கிட்டிருப்பேன்."

பூட்டுக்காரர் கையால் முகத்தை மூடிக்கொண்டார். விரலெல்லாம் பித்தளைத் தூள். "அதுக்குத்தான் இதோட போதும்னேன். நீ வாசனை, வாசனைன்னு சொல்ல ஆரம்பிச்சதும் பயந்துட்டேன். நேத்துதான் கடைசின்னு சொல்லிட்டேன். காலையில வந்து கடைக் கதவுக்கு அடியில சாவியைத் தள்ளிட்டுப் போயிருக்கா. இனிமே வர மாட்டா."

மேடம் கடிகாரத்தைப் பார்த்தார். பன்னிரண்டு இருபது.

"போச்சு," என்றார் கண்டக்டர். "என் மச்சான் பாட்டில் வாங்கற கடைக்கே டிக்கெட் இல்லாம போக முடியாது. விமான நிலையத்துல இவ எப்படி உள்ள போவா?"

"அது வேற, இது வேற. பாட்டில் கடை பாஸ்போர்ட் சோதனைக்கு அந்தப் பக்கம். சுங்க மேஜை இந்தப் பக்கம். பெட்டியை விமானத்துல ஏத்தறதுக்கு முன்னாடியே பொருளைக் காட்டணுமே, அதுக்காக. அங்க யார் வேணும்னாலும் நிக்கலாம். இருபத்தாறு வருஷம் நான் உட்கார்ந்த மேஜை அது." மேடம் அந்தப் பெண் பக்கம் திரும்பினார். "அவங்க தாளை ரத்து பண்ணாம போக மாட்டாங்க. தன் அடையாளத்தை அழிக்கத்தான் அங்க வருவாங்க. அந்த மேஜையைத் தாண்டிட்டா அப்புறம் நம்ம கையில இல்ல. போறதா வேண்டாமான்னு நீதான் சொல்லணும்."

அவள் அப்பாவைப் பார்த்தாள். கையிலிருந்த கோட்டைப் பார்த்தாள். பிறகு அதைப் போட்டுக்கொண்டாள். கழுத்தில் தொங்கிய விலை அட்டையை ஒரே இழுப்பில் பிய்த்துக் கல்லாவின் மேல் வைத்தாள்.

"டாக்ஸி பிடிக்கவா?" என்றார் மேடம்.

"டாக்ஸியா? இந்நேரத்துக்குப் பாலத்துல நின்னு வேடிக்கை பார்க்கணும்," என்றார் கண்டக்டர். அவருக்கு உயிர் வந்துவிட்டது. "பதினேழாம் நம்பர் பஸ் தனிப்பாதையில போகும். ஓட்டறவன் என் ஆளு. வாங்க, முழங்கால் இருக்கோ இல்லையோ, ஓடுவோம்."

*

பஸ்ஸில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். கண்டக்டர் கம்பியைப் பிடித்தபடி நின்றார். வேலையில் இருந்தபோது எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறார். கடைசி நிறுத்தம் வரை வந்து, எங்கேயோ போய்விட்டு, சாயங்காலம் அதே பஸ்ஸில் கண் சிவந்து திரும்பும் ஜனங்கள். டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்ததோடு சரி, ஏன் என்று கேட்டதில்லை. அவர்களில் ஒருத்தி வருஷத்துக்கு ஒரு தடவை எலுமிச்சை வாசனையோடு ஏறியிருப்பாளோ என்று நினைத்துப் பார்த்தார். ஞாபகம் வரவில்லை. வராதது அவருக்கு வெட்கமாக இருந்தது.

ஒன்று பத்துக்கு இறங்கினார்கள்.

சுங்க மேஜைக்கு முன்னால் நாலு பேர் வரிசை. மூன்றாவதாக ஒரு அம்மாள். மெலிந்த உடம்பு, காதோரம் நரை. கையில் மடித்த கரும்பச்சைக் கோட், அட்டை தொங்கியபடி. அதன் மடிப்புக்குள்ளிருந்து நீலக் கட்டத் துணியின் ஓரம் தெரிந்தது.

தையல்காரியின் கால் நின்றுவிட்டது. "முன்னாடி போய் முகத்தைப் பார்க்கணும்னு நினைச்சேன்," என்று முணுமுணுத்தாள். "முகம் மறந்து போச்சு மேடம். போட்டோவுல இருக்கறது மட்டும்தான் ஞாபகம் இருக்கு."

"பின்னாடி போய் நில்லு," என்றார் மேடம். "மேஜையில கேக்க வேண்டிய கேள்வியை அதிகாரி கேக்கட்டும். அது எனக்கு மனப்பாடம்."

அவள் போய் வரிசையில் நின்றாள். முன்னால் இருந்தவர்கள் நகர்ந்தார்கள். அந்த அம்மாளின் முறை வந்தது. மேஜையில் ஒரு இளவயது அதிகாரி. நகலை வாங்கிப் பார்த்தார்.

"சொல்லுங்கம்மா. வரி திரும்ப வேணுமா?"

"வேண்டாம் சார். இதை ரத்து பண்ணணும். என் பேரே இதுல இருக்கக் கூடாது."

"நாட்டுல தங்கற பொருளைத்தான் தாள்லேருந்து அடிக்க முடியும். பொருளைக் காட்டுங்க." கோட்டைப் பார்த்தார். தாளைப் பார்த்தார். "ரெண்டு கோட்னு இருக்கே. ரெண்டாவது எங்க?"

"அது... இல்ல சார்."

"இல்லன்னா எங்க இருக்குன்னு எழுதணும். வித்துட்டீங்களா? தொலைஞ்சுதா?"

"வீட்டுல இருக்கு."

அதிகாரி நிமிர்ந்தார். திட்டவில்லை, சந்தேகத்தைத்தான் கேட்டார். "எந்த வீட்டுல? இந்த நாட்டுல உங்களுக்கு வீடு இல்லன்னுதானே டிக் போட்டிருக்கீங்க?"

அந்த அம்மாள் கோட்டை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டார்.  

"இங்க இருக்கு சார்."

அந்த அம்மாளுக்குக் குரல் யாருடையது என்று தெரிந்துவிட்டது போலிருக்கிறது. திரும்பவில்லை. திரும்பினால் ஒப்பந்தம் முறிந்துவிடும் என்று இத்தனை வருஷப் பழக்கம் அவரைப் பிடித்து வைத்திருந்தது. தையல்காரி வந்து பக்கத்தில் நின்றாள். ஒரே பச்சையில் இரண்டு கோட், ஒன்று உடம்பில், ஒன்று கையில்.

"நீங்க யாரு?" என்றார் அதிகாரி.

"இவங்க பொண்ணு."

அதிகாரி அவள் கழுத்தை எட்டிப் பார்த்தார். "அட்டையைப் பிய்ச்சுப் போட்டுக்கிட்டிருக்கீங்களே. இது இந்த நாட்டை விட்டுப் போகாது. வரி வரியாவே இருக்கும். தாள்லேருந்து இந்த ஒண்ணை அடிச்சிடட்டுமா?"

"அடிச்சிடுங்க சார்," என்றார் அந்த அம்மாள், மேஜையைப் பார்த்தபடியே. "அது இங்கேயே இருக்கட்டும்."

"ரெண்டையும் அடிங்க," என்றாள் மகள்.

வரிசையில் யாரோ இருமினார்கள். 

"நான் உங்களை மன்னிச்சுட்டேன்னு நினைச்சுக்காதீங்க," என்றாள் அவள். இப்போதுதான் குரல் உடைந்தது. "ஜன்னல்கிட்ட நின்னவ நான். கேக்க வேண்டியது நிறைய இருக்கு. மூணு மணிக்குள்ள கேட்டு முடியாது. என் சட்டையை வேற எடுத்துட்டுப் போறே. என் பொத்தானைத் தைக்கத் தெரிஞ்சுது, ஒரு வார்த்தை கூப்பிடத் தெரியலையாம்மா உனக்கு?"

அந்த அம்மாள் அப்போது திரும்பினார்.

எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்கள் என்று கண்டக்டருக்குத் தெரியாது. அவர் கண்ணில் ஏதோ விழுந்துவிட்டதாம், கைக்குட்டையைத் தேடிக்கொண்டிருந்தார். மேடம் தன் பழைய மேஜையை மட்டும் பார்த்தார். அதில் உட்கார்ந்து எத்தனை பேரிடம் இதே கேள்வியைக் கேட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் முத்திரை குத்தி அனுப்பினோம் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். முகம் அப்படி இருந்தது.

அதிகாரி பேனாவோடு காத்திருந்தார். "அம்மா, தாள் உங்க பேர்ல இருக்கு. நீங்கதான் சொல்லணும். ஒண்ணா, ரெண்டா?"

அந்த அம்மாள் கையிலிருந்த கோட்டைப் பார்த்தார். நீலச் சட்டையை மட்டும் உருவி மகள் கையில் கொடுத்தார். பிறகு விலை அட்டையைப் பிய்த்து மேஜையில் வைத்துவிட்டு, கோட்டை உதறிப் போட்டுக்கொண்டார். பொத்தான் போடக் கை ஒத்துழைக்கவில்லை. மகள்தான் குனிந்து போட்டுவிட்டாள்.